பீரோவில் இருந்த 118 புத்தகங்கள்: ஓர் அரசு மழலையர் வகுப்பு பற்றிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

2019 ஜனவரியில் தமிழ்நாடு அரசு, அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இயங்கிவந்த 2,381 அங்கன்வாடி மையங்களில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகளைத் தொடங்கியது. நர்சரிப் பள்ளிக்குக் கட்டணம் கட்ட முடியாத குடும்பங்களை அரசுப் பள்ளியின் பக்கம் ஈர்க்க இது ஒரு வழி என்று அப்போது எதிர்பார்க்கப்பட்டது. 2022 ஜூனில் இவ்வகுப்புகள் தொடரமாட்டா என்ற அறிவிப்பு வந்து, எதிர்ப்பு எழுந்தபின் அது திரும்பப் பெறப்பட்டு, மாதம் 5,000 ரூபாய் மதிப்பூதியத்தில் தற்காலிகச் சிறப்பாசிரியர்களை அமர்த்துவது என்று முடிவாயிற்று. இதன் விளைவாக, அறையும் சத்துமாவும் மதிய உணவும் அங்கன்வாடிப் பணியாளரும் உதவியாளரும் சமூக நலத் துறையின் பொறுப்பாக இருக்க, அதே அறையில் பாடம் நடத்தும் ஆசிரியர் பள்ளிக் கல்வித் துறையைச் சேர்ந்தவராக இருக்கிறார். அலுவலக விவரம் போலத் தோன்றும் இந்தச் செய்தியை முதலிலேயே சொல்லக் காரணம் உண்டு; பின்னால் நேர்ந்த சிக்கல்களில் பாதி இதிலிருந்தே கிளைத்தவை.

இங்கே பதிவு செய்யப்படும் வகுப்பு, வட மாவட்டம் ஒன்றில் பாலாற்றுப் படுகையை ஒட்டிய ஒரு சிற்றூரின் ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் உள்ளது. அவ்வூரில் பெரும்பாலான வீடுகளில் பெண்கள் மடியில் முறத்தை வைத்துப் பீடி சுற்றுகிறார்கள். 2023 ஜூனில் வகுப்பின் பதிவேட்டில் இருந்த 31 குழந்தைகளில் இருபது பேர் பீடித் தொழில் செய்யும் வீடுகளிலிருந்து வந்தவர்கள். ஆறு குழந்தைகளின் வீட்டுமொழி தெலுங்கு, ஐந்து குழந்தைகளுக்கு உருது.

அரசுப் பள்ளிகளில் விலையில்லாப் பாடநூல், நோட்டு, புத்தகப்பை, வண்ணக் கிரையான் என எல்லாமே முதல் வகுப்பிலிருந்துதான் தொடங்குகின்றன. அங்கன்வாடிக்கென்று வந்திருந்த விளையாட்டுப் பொருட்களும் சுவர்ப் படங்களும் பழையனவாகி, பாதி உடைந்திருந்தன. அப்பள்ளியில் படித்து வெவ்வேறு ஊர்களில் வேலையில் இருக்கும் நாங்கள் பதினான்கு பேர், இந்த வகுப்புக்கு ஏதாவது செய்யலாம் என்று முடிவெடுத்தோம். எங்களில் ஒருவர்கூடக் கல்வித் துறையைச் சேர்ந்தவர் அல்லர்.

முதல் கொடை

மே, ஜூன் மாதங்களில் 46,500 ரூபாய் சேர்ந்தது. என்ன வாங்குவது என்பதை எங்கள் வாட்ஸ்அப் குழுவிலேயே பேசி முடித்துவிட்டோம். தலைமையாசிரியரிடம் அனுமதி கேட்டோமே தவிர, வகுப்பை நடத்தும் ஆசிரியரிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கேட்காமல் கொடுத்தால்தான் அவருக்கு வியப்பாக இருக்கும் என்றுகூட ஒருவர் சொன்னார்; மற்றவர்களும் அதை ஒப்புக்கொண்டோம்.

118 புத்தகங்களுக்கு 13,900 ரூபாய், முதுகுப்பை 35க்கு 14,700, சிலேட்டு 35க்கு 3,150, கிரையான் பெட்டி 35க்கு 2,100, பிளாஸ்டிக் அடுக்குக் கட்டைகள் இரண்டு தொகுதிக்கு 6,400 ரூபாய் செலவாயின. காமராசர் பிறந்தநாளான ஜூலை 15ஐ ஒட்டிப் பள்ளியில் நடக்கும் கல்வி வளர்ச்சி நாள் விழாவோடு சேர்த்துப் பொருட்களை ஒப்படைத்தோம். அன்றைக்குப் பேனருக்கும் இனிப்புக்குமாக 3,250 ரூபாய் ஆனது. சிலேட்டுக்குச் செலவழித்ததைவிட இது நூறு ரூபாய் அதிகம் என்பதைக் கணக்கு எழுதியபோது யாரும் கவனிக்கவில்லை. மீதி 3,000 ரூபாய் கையில் இருந்தது.

செப்டம்பரில் கண்டது

செப்டம்பர் இரண்டாம் வாரத்தில் வேறொரு வேலையாக ஊருக்குப் போயிருந்த நான், முன்கூட்டிச் சொல்லாமல் வகுப்புக்குச் சென்றேன். சுவரோரமாக இருந்த இரும்பு பீரோவில் புத்தகங்கள் கட்டுக்கட்டாக அடுக்கப்பட்டிருந்தன; பலவற்றின் கண்ணாடித்தாள் உறைகூடப் பிரிக்கப்படவில்லை. அடுக்குக் கட்டைகளின் அட்டைப் பெட்டியும் நூல் கட்டியபடியே இருந்தது. சிலேட்டுகளில் பதினொன்று மட்டுமே வெளியே இருந்தன. முதுகுப்பைகளை மட்டும் குழந்தைகள் வீட்டுக்குக் கொண்டுபோயிருந்தார்கள்; ஆனால் அவை நான்கு வயதுக் குழந்தையின் முழங்கால்வரை தொங்கும் அளவில் இருந்ததால், பல வீடுகளில் மூன்றாம், நான்காம் வகுப்பில் படிக்கும் அண்ணனோ அக்காவோ அவற்றை மாட்டிக்கொண்டிருந்தார்கள்.

முதலில் எனக்குக் கோபம் வந்தது. கொடுத்ததைப் பயன்படுத்தாத ஆசிரியரின் அக்கறையின்மை என்றே நினைத்தேன். அதை நேரடியாகச் சொல்லாமல், பீரோ ஏன் பூட்டியிருக்கிறது என்று கேட்டேன். அவர் பதிவேட்டை எடுத்துக் காட்டினார். விழா முடிந்த மறுநாளே 118 புத்தகங்களும் தலைப்புவாரியாக, விலையோடு, தளவாடப் பொருட்கள் பதிவேட்டில் ஏற்றப்பட்டிருந்தன. நாற்காலி, மேசை, பீரோ ஆகியவை எழுதப்படும் அதே பதிவேடு. ஒவ்வொரு வரிக்கும் எதிரே அவருடைய கையெழுத்து இருந்தது. “ஒரு புக்கு கிழிஞ்சாலும் நான்தானே சார் பதில் சொல்லணும்? ஏப்ரல் வந்தா எனக்கு வேலை இருக்கோ இல்லையோ, எண்ணிக் குடுத்துட்டுத்தான் போகணும்” என்றார். 5,000 ரூபாய் மதிப்பூதியத்தில், அடுத்த ஆண்டு நீட்டிப்பு வருமா என்று தெரியாமல் வேலை பார்க்கும் ஒருவரின் தலையில் 13,900 ரூபாய்க்கான பொறுப்பை ஏற்றிவைத்து, அதற்கு விழாவும் எடுத்தவர்கள் நாங்கள்தாம்.

மூன்று காலைகள்

காலாண்டு விடுமுறை முடிந்ததும், அக்டோபரில் மூன்று நாட்கள் காலை ஒன்பதரை முதல் பன்னிரண்டு வரை வகுப்பின் மூலையில் உட்கார்ந்து பார்க்க ஆசிரியரிடமும் தலைமையாசிரியரிடமும் ஒப்புதல் பெற்றேன். வந்திருந்த குழந்தைகள் 22 முதல் 24 வரை.

ஆசிரியர் கதை சொல்வதில் தேர்ந்தவர். கையில் புத்தகம் இல்லாமலேயே காக்கையாகவும் எருமையாகவும் குரலை மாற்றிச் சொன்னார். ஒரே கதையை மூன்று நாளும் குழந்தைகள் கேட்டு வாங்கினார்கள்; மூன்றாம் நாள், அடுத்த வரியை அவர்களே முந்திக்கொண்டு சொன்னார்கள். நாங்களோ எத்தனை தலைப்புகள் என்று எண்ணித்தான் புத்தகம் வாங்கியிருந்தோம். இந்த வயதில் பத்துக் கதைகளை ஒருமுறை கேட்பதைவிட ஒரு கதையைப் பத்துமுறை கேட்பதையே பிள்ளைகள் விரும்புகிறார்கள் என்பதும், அதனால் ஒரே புத்தகத்தில் இரண்டு மூன்று படிகள் இருந்தால்தான் சண்டையில்லாமல் கைக்குக் கை போகும் என்பதும் அங்கே உட்கார்ந்தபோதுதான் புரிந்தன.

கிரையான் கொடுக்கப்பட்ட நாளில், பத்தே நிமிடத்தில் அவற்றைத் திரும்பச் சேகரிக்க வேண்டியிருந்தது. பெட்டிக்குப் பன்னிரண்டு மெல்லிய குச்சிகள், அழுத்தியதும் ஒடிந்தன. ஆசிரியர் ஒடிந்த துண்டுகளை ஒரு பழைய பிஸ்கட் டப்பாவில் போட்டு நடுவில் வைத்தார். கட்டைவிரலும் அடுத்த இரண்டு விரல்களும் மட்டுமே பற்றக்கூடிய அந்தச் சிறு துண்டுகளைக் குழந்தைகள் முழுக் குச்சியைவிட நன்றாகப் பிடித்தார்கள். பலப்பம் மாதத்தின் பத்தாம் தேதிக்குள் தீர்ந்துவிடுகிறது என்றும், அதன்பின் தானே வாங்குவதாகவும் அவர் சொன்னார். சிலேட்டுகள் பதினொன்று மட்டும் வெளியே இருந்ததற்கும் காரணம் அதுதான்: 35 சிலேட்டு கொடுத்த நாங்கள், எழுதுவதற்குப் பலப்பம் கொடுத்திருக்கவில்லை.

அவருடைய உதவியோடு 118 புத்தகங்களையும் பிரித்துப் பார்த்தோம். 61 ஆங்கிலம். மீதி 57 தமிழ்ப் புத்தகங்களில் முப்பது, பக்கம் முழுவதும் பொடி எழுத்தில் அமைந்த நீதிக்கதைகள். நான்காம் வகுப்புப் பிள்ளைக்கானவை. ஆக, தமிழில் இந்த வகுப்புக்குப் பொருந்தியவை 27 மட்டுமே. ஆங்கில எழுத்துப் புத்தகங்கள் சிலவற்றில் ‘ஐ’ எழுத்துக்குப் பனிக்கட்டி வீட்டின் படம் இருந்தது. வெயிலுக்குப் பேர்போன எங்கள் ஊரில் அதை விளக்க ஆசிரியர் ஐஸ் வண்டிக்காரரைத் துணைக்கு அழைக்க வேண்டியிருந்தது.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

அக்டோபர் இறுதியில் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் இதை வைத்தோம். முதலில் தீர்க்க வேண்டியிருந்தது பதிவேடு. இந்தப் புத்தகங்களைத் தளவாடப் பொருட்களிலிருந்து எடுத்து, சுண்ணக்கட்டி, தாள் போன்றவற்றை எழுதும் நுகர்வுப் பொருள் பதிவேட்டுக்கு மாற்றுவது என்றும், குழந்தைகளின் கையில் கிழிந்தோ தொலைந்தோ போனால் ஆசிரியர் பொறுப்பாகமாட்டார் என்றும், கொடையாளர்களாகிய நாங்கள் எழுத்துமூலம் கடிதம் தர, குழு தீர்மானம் நிறைவேற்றியது. பீரோ அங்கன்வாடியின் சொத்து என்பதால் மையத்தின் மேற்பார்வையாளருக்கும் தகவல் தர வேண்டும் என்று அங்கன்வாடிப் பணியாளர் நினைவூட்டினார். தகவல் தரப்பட்டது; ஆனால் அங்கிருந்து எழுத்துமூலம் பதில் வரவில்லை. தீர்மானத்தின் நகலை ஆசிரியர் தம் கைப்பையிலேயே வைத்துக்கொண்டார்.

இரண்டாவது முடிவு, ஆண்டுக்கொரு முறை பெருந்தொகை கொடுப்பதை நிறுத்திவிட்டு, மாதம் 1,400 ரூபாய்க்குத் தீர்ந்துபோகும் பொருட்களை மட்டும் தருவது. ஊர் ஸ்டேஷனரிக் கடையில் ஒரு கணக்கு வைத்து, ஆசிரியர் சீட்டில் எழுதிக் கையெழுத்திட்டு அனுப்புவதைக் கடைக்காரர் கொடுத்துவிட்டு மாதக் கடைசியில் எங்களிடம் பணம் பெற்றுக்கொள்ள ஏற்பாடு செய்தோம். பணத்தையே அவர் கையில் கொடுத்துவிடலாமே என்ற யோசனையை ஆசிரியரே மறுத்தார். ரசீதும் கணக்கும் எழுதுவது இன்னொரு பொறுப்பு. தவிர, ஊரில் நாலுபேர் நாலுவிதமாகப் பேசுவார்கள் என்றார். அது சரியான மறுப்பு.

மூன்றாவது, புத்தகங்கள். பொருந்தாத 30 தமிழ் நூல்களையும் 49 ஆங்கில நூல்களையும் அதே பள்ளியின் தொடக்க வகுப்புகளுக்கு மாற்றினோம். பன்னிரண்டு ஆங்கிலப் படப்புத்தகங்களை மட்டும் வைத்துக்கொண்டோம். தமிழ் மட்டும் போதும் என்று எங்களில் சிலர் வாதிட்டார்கள். ஆனால் பெற்றோர் கூட்டத்தில் தாய்மார்கள் ஒரே குரலில், எல்.கே.ஜி. என்று சேர்த்ததே ஆங்கிலத்துக்காகத்தானே என்று கேட்டபோது, எங்கள் பிள்ளைகளை ஆங்கிலவழியில் படிக்கவைத்துவிட்டு அவர்களுக்கு உபதேசம் செய்ய எங்களுக்கு வாய் எழவில்லை.

புதிதாக 33 தமிழ்ப் படப்புத்தகங்கள் வாங்கினோம். பதினொரு தலைப்புகள், தலைப்புக்கு மூன்று படிகள். இவற்றோடு, பிரதம் புக்ஸ் நிறுவனம் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் இணையத்தளத்திலிருந்து 24 கதைகளை இறக்கி அச்சிட்டோம். அங்குள்ள கதைகள் திறந்த உரிமத்தில் வெளியிடப்படுபவை. எழுதியவர், வரைந்தவர் பெயர்களைக் குறிப்பிட்டு யாரும் அச்சிட்டுக்கொள்ளலாம். அதனால் பெயர்ப் பக்கத்தை எந்தப் படியிலும் விடவில்லை. இருபது கதைகளை ஏ4 அளவிலும், ஆசிரியர் எல்லோருக்கும் காட்டிச் சொல்ல நான்கை ஏ3 அளவிலும் அச்சிட்டு, பைண்டிங் கடையில் தைத்ததில் தைப்புக்கூலி நீங்கலாக 3,600 ரூபாய் ஆயிற்று. எந்தக் கதை என்பதைத் தேர்ந்தவர் ஆசிரியர். ஆடு, காக்கை, ஏரி, சந்தை வருபவற்றையே அவர் எடுத்தார். பழைய 27ஐயும் சேர்த்துத் தமிழில் 84, ஆங்கிலத்தில் 12, ஆக 96 புத்தகங்கள் ஆயின.

பீரோவுக்குப் பதிலாக, குழந்தைகளின் கண்மட்டத்தில் சுவரின் இரு ஆணிகளுக்கிடையே கொடிக்கயிறு கட்டி, துணி உலர்த்தும் கிளிப்பில் ஒரு நேரத்தில் இருபது புத்தகங்களைத் தொங்கவிட்டோம். அலமாரி வாங்கலாம் என்ற பேச்சு எழுந்தபோது, அலமாரி வந்தால் அதற்கும் ஒரு பூட்டு வரும் என்று உதவியாளர் அம்மா சிரித்தபடி சொன்னதே அந்தப் பேச்சை முடித்துவைத்தது.

அடுத்து நடந்தது

முதல் வாரத்திலேயே நான்கு புத்தகங்கள் கிழிந்தன. ஆசிரியர் பதறித் தொலைபேசியில் அழைத்தார். எதிர்பார்த்ததுதான் என்று சொல்லி, செலோடேப் அனுப்பினோம். அது சில வாரங்களில் மஞ்சளாகிப் பிரிந்து, எழுத்தையும் பிய்த்துக்கொண்டு வந்ததால், மைதாப் பசையும் மெல்லிய தாளும் கோணி ஊசியும் நூலும் கொண்ட ஒரு டப்பா வந்தது. வெள்ளிதோறும் மதியம் ‘புத்தக ஆஸ்பத்திரி’ நடக்கும். அடிபட்ட புத்தகத்தைக் கொண்டுவரும் குழந்தையே பசை தடவ வேண்டும். கிழித்ததை ஒளித்துவைக்கும் வழக்கம் இதனால் குறைந்தது என்று ஆசிரியர் சொன்னார்.

மைதாவில் உப்பும் மஞ்சளும் எண்ணெயும் சேர்த்துப் பிசைந்த மாவை விளையாட்டுக் களிமண்ணாகக் கொடுக்கும் யோசனை எங்களுடையது. சோற்றுப் பொருளைப் போட்டு விளையாடுவதா என்று உதவியாளர் முகம் சுளித்தார். இரண்டே நாளில் எறும்பும் வந்து சேர்ந்தது. ஒரு குழந்தையின் தாத்தா ஏரியிலிருந்து ஒரு கூடைக் களிமண் கொண்டுவந்து கல் பொறுக்கிப் பதப்படுத்திக் கொடுத்தார். அதற்குச் செலவு எதுவும் இல்லை.

டிசம்பரிலிருந்து வெள்ளிக்கிழமைகளில் ஒவ்வொரு குழந்தையும் ஒரு புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துச்சென்று திங்களன்று திருப்பித்தரும் முறை தொடங்கியது. தையல் தெரிந்த ஒரு தாய், புத்தக அளவில் 35 துணிப்பைகளைத் துண்டுத் துணியில் தைத்துக் கொடுத்தார். முதல் இரு வாரங்கள் சில புத்தகங்கள் பையிலிருந்து எடுக்கப்படாமலே திரும்பின. எனக்குப் படிக்கத் தெரியாதே, எப்படிச் சொல்லிக்கொடுப்பேன் என்பது அந்த வீடுகளின் தயக்கம். அடுத்த தாய்மார் கூட்டத்தில் ஆசிரியர் எழுத்தைக் கையால் மறைத்துக்கொண்டு, படத்தை மட்டும் பார்த்து ஒரு கதை சொல்லிக் காட்டினார். இப்படித்தான் என்றால் நாங்களும் சொல்வோம் என்றார்கள். ஒரு வீட்டில் பாட்டி உருதுவில் சொன்ன கதை, புத்தகத்தில் இருந்ததற்குத் தொடர்பே இல்லாதது. அந்தக் குழந்தை திங்களன்று அதைத் தமிழும் உருதுவும் கலந்து வகுப்பில் சொன்னான். அதுவரை அவன் வகுப்பில் முழு வாக்கியம் பேசியதை நான் கேட்டதில்லை.

திரும்பி வந்த புத்தகங்களில் புகையிலை வாடை வீசியது. சிலவற்றின் தைப்பில் புகையிலைத் தூள் சிக்கியிருந்தது. சிறு குழந்தைகள் வாயில் வைக்கக்கூடிய பொருள் என்பதால் இது எங்களுக்குக் கவலை தந்தது. பீடி சுற்றும் முறத்தருகே புத்தகத்தை வைக்க வேண்டாம் என்று சொல்லி, திங்கட்கிழமை காலை புத்தகங்களை உதறி வெயிலில் காயவைப்பதை வழக்கமாக்கினோம். ஓரறை வீட்டில் எதை எதனருகே வைக்காமல் இருப்பது என்ற கேள்விக்கு எங்களிடம் பதில் இல்லை. அந்தக் குழந்தைகள் நாள் முழுவதும் மூச்சிழுக்கும் காற்றிலேயே அந்தத் தூள் இருக்கும்போது, புத்தகத்தை மட்டும் உதறியதில் எவ்வளவு பயன் என்பதையும் எங்களுக்குள் பேசாமல் இல்லை.

இடையூறுகளும் இருந்தன. அங்கன்வாடிப் பணியாளருக்கு வாக்குச்சாவடி நிலை அலுவலர் பணியும் இருந்ததால், நவம்பரில் பல நாட்கள் மூன்று வயதுக் குழந்தைகளையும் சேர்த்துச் சிறப்பாசிரியரே பார்க்க நேர்ந்தது. பிப்ரவரியில் ஆசிரியர் உடல்நலமின்றி மூன்று வாரம் விடுப்பில் இருந்தபோது, கொடிக்கயிற்றிலிருந்த புத்தகங்கள் வழக்கம்போல் புழங்கின. ஆனால் கடைச்சீட்டில் கையெழுத்திட ஆளில்லாததால் பலப்பமும் தாளும் வரவில்லை. உதவியாளர் கேட்டும் கடைக்காரர் கொடுக்கவில்லை. ஒருவரின் கையெழுத்தையே நம்பி ஏற்பாட்டை அமைத்தது எங்கள் தவறு.

மார்ச் இறுதியில் எண்ணியபோது, 96 புத்தகங்களில் 11 சீர்செய்ய முடியாதபடி கிழிந்திருந்தன, 6 தொலைந்திருந்தன, 31 ஒருமுறையாவது ஒட்டப்பட்டோ தைக்கப்பட்டோ இருந்தன. அடியோடு கிழிந்தவற்றில் ஏழு, குழந்தைகள் மிக அதிகமாகக் கேட்ட மூன்று தலைப்புகளின் படிகள். ஒரு கீறலும் இல்லாமல் இருந்தவை பெரும்பாலும் ஆங்கில எழுத்துப் புத்தகங்கள்.

2024 ஏப்ரல் 19 அன்று நாடாளுமன்றத் தேர்தலுக்கு அந்த அறை வாக்குச்சாவடியாயிற்று. முதல்நாள் கயிறு அவிழ்க்கப்பட்டு, புத்தகங்கள் ஒரு கோணிப்பையில் கட்டப்பட்டு மீண்டும் பீரோவுக்குள் போயின.

மீண்டும் செய்வதென்றால்

முதுகுப்பை வாங்கமாட்டோம். விழாவும் வைக்கமாட்டோம், வைத்தே ஆகவேண்டும் என்று பள்ளி விரும்பினால், பொருட்கள் ஒரு மாதம் புழங்கியபின் வைக்கச் சொல்வோம். முதல் ரூபாயைச் செலவழிக்குமுன் ஆசிரியரோடும் பணியாளரோடும் உதவியாளரோடும் தனித்தனியே பேசுவோம். மூவரையும் ஒன்றாக உட்காரவைத்தால் பேசுபவர் ஒருவராகவே இருப்பார். கடைச்சீட்டில் ஆசிரியர், உதவியாளர் இருவரில் எவர் கையெழுத்தும் செல்லும் என்று ஜூன் முதல் மாற்றியிருக்கிறோம். கிழிந்த 11ஐ ஈடுசெய்ய, அதே தலைப்புகளையே மறுபடி வாங்கியிருக்கிறோம்.

பதிவேட்டுப் பிரச்சினை முழுதாகத் தீரவில்லை. பள்ளி மேலாண்மைக் குழுவின் தீர்மானம் பள்ளியைக் கட்டுப்படுத்தும். அங்கன்வாடி மையத்தின் இருப்பைச் சரிபார்க்க வருபவரை அது கட்டுப்படுத்துமா என்று கேட்டதற்கு, இரு துறை அலுவலகங்களிலும் மற்றதைக் கேட்கச் சொன்னார்கள். ஜூனில் சிறப்பாசிரியருக்கு மேலும் ஓராண்டு நீட்டிப்பு கிடைத்தது. பள்ளி திறந்த மறுநாள் அவர் கோணிப்பையைப் பிரித்து, கயிற்றை மறுபடி கட்டினார். தீர்மானத்தின் நகல் மடிப்பில் கிழியத் தொடங்கியிருந்ததால், அதைப் புதிதாக ஒரு ஜெராக்ஸ் எடுத்துத் தரும்படி கேட்டிருக்கிறார்.